மழையில் யார் மரம் வெட்டுவார்கள்?

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் சிறுகதைப் போட்டி விளம்பரம் ஒன்றை அனுப்பியிருந்தான். கீழே ஒரே ஒரு வரி. "அக்கா, இதுக்கு எந்த மாதிரி கதை எழுதினா கிடைக்கும்?"

எழுதலாமா என்று அவன் கேட்கவில்லை. எழுதுவது முடிவாகிவிட்டது. எந்த மாதிரி என்பதுதான் கேள்வி. எனக்கு அதற்குப் பதில் தெரியும் என்பதால்தான் இரண்டு நாள் அவனுக்குப் பதில் போடாமல் இருந்தேன்.

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பதினொரு கோப்பைகள் இருக்கின்றன. மூன்று தம்பி பூப்பந்தில் வாங்கியவை. ஒன்று யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மீதி ஏழும் என்னுடையவை. திருக்குறள் மனனம், கதை சொல்லுதல், கட்டுரை, அறிவியல் கண்காட்சி, கவிதை ஒன்று (அதைப் பற்றிப் பேச வேண்டாம்), சிறுகதை இரண்டு. தீபாவளிக்கு முன்னால் அம்மா எல்லாவற்றையும் இறக்கி ஈரத்துணியால் துடைப்பார். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்த எவர் வீட்டிலும் இப்படி ஓர் அலமாரி இருக்கும். வட்டாரம், மாநிலம், தேசியம் என்று படி ஏறுவதற்காகவே நாங்கள் வளர்க்கப்பட்டோம். பேச்சுப் போட்டியில் கையை எந்தச் சொல்லில் தூக்க வேண்டும், எந்தச் சொல்லில் இறக்க வேண்டும் என்பதுவரை மனப்பாடம். இன்றைக்கும் மேடையில் பேசும்போது என் வலது கை தானாக எழும்புகிறது. அலுவலகக் கூட்டத்திலும்தான்.

அந்த ஏழில் இரண்டைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது 2001இல் வந்தது. ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சுங்கை பட்டாணிக்கு வெளியே ஒரு தாமானில் வீடு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் பாட்டியும் எங்களோடு வந்துவிட்டார். பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்குக் குழுவாகச் சேரச் சொன்னார்கள். மற்றவர்கள் எரிமலை செய்தார்கள். சமையல் சோடாவும் சூக்காவும் ஊற்றிப் பொங்கவைக்கும் அதே எரிமலை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாட்டிதான் கேட்டார், "பால் உறையிறத செஞ்சு காட்டேன்டி?"

பாட்டி முப்பத்தைந்து வருடம் மரம் வெட்டியவர். ரப்பர் பாலில் ஆசிட் சேர்த்தால் அது உறைந்து கட்டியாகும் என்பது அவருக்குக் கை வேலை. நாங்கள் ஆசிட்டுக்குப் பதிலாக வீட்டில் கிடைக்கும் புளிப்பையெல்லாம் போட்டுப் பார்த்தோம். எலுமிச்சை, கரைத்த புளி, சூக்கா, பக்கத்து வீட்டு பெலிம்பிங் பூலோ மரத்தில் பறித்த காய். ஒவ்வொன்றையும் ஒரு மங்கில் பாலோடு கலந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினேன். பெலிம்பிங் பூலோ சாறுதான் முதலில் உறைந்தது. ஒன்றுமே சேர்க்காத மங்கு மறுநாள்தான் தானாக உறைந்து நாறியது.

பால் கொடுத்தவர் பக்கத்துக் கம்பத்துப் பாக்சிக் ஒருவர். அவருக்குச் சின்னக் கித்தாத் தோப்பு இருந்தது. கண்காட்சி அன்றைக்கு விடியற்காலையில் பாட்டி அவரோடு போய், தானே நாலு மரம் வெட்டி, பால்மாவு டின்னில் பிடித்துக்கொண்டு வந்தார். முந்தின இரவே அந்த டின்னைக் கொதிக்கும் நீரில் கழுவி வைத்திருந்தார். அழுக்கு இருந்தால் பால் வழியிலேயே கெட்டிப்பட்டுவிடும் என்றார். பாலில் கிருமி வளர்ந்து புளிப்பை உண்டாக்குவதால்தான் அது தானாக உறைகிறது என்பதை நான் ஐந்தாம் படிவத்து வேதியியல் புத்தகத்தில்தான் படித்தேன். பால் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலத்தில் எதிர்மின்னூட்டம் இருக்கும், அதனால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், அமிலம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ததும் மோதி ஒட்டிக்கொள்ளும். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது. டின்னைக் கழுவத் தெரியும்.

நீதிபதிகள் வருவதற்கு முன் ஆசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி ஒன்று சொன்னார். "யார் செஞ்சதுன்னு கேட்டா நாங்களே செஞ்சதுன்னு சொல்லணும். பெரியவங்க உதவினாங்கன்னு சொன்னா மார்க் கொறச்சிருவாங்க." கேட்டார்கள். சொன்னேன். "இந்த ஐடியா எப்படி வந்துச்சு?" என்று கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் குனிந்து கேட்டார். "நானே யோசிச்சேன் டீச்சர்." பாட்டி அப்போது மண்டபத்துக்கு வெளியே, சிற்றுண்டிச்சாலை பெஞ்சில், காலி டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பரிசு. எரிமலை மூன்றாவது. முதல் பரிசு எதற்கு என்று மறந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் பாட்டி கோப்பையைத் தூக்கிப் பார்த்து, "மங்கு மாதிரியே இருக்குடி, ஆனா ஓட்டை" என்றார். அடிப்பாகத்தை முடுக்கும் திருகாணி வழியாக ஒளி தெரிந்தது.

இரண்டாவது கோப்பைக்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டும்.

நம் நாட்டில் தமிழ்ச் சிறுகதை பரிசோடும் மதிப்பெண்ணோடும்தான் வளர்ந்தது. 1950இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். நாளிதழ் வழியாகவே பாடம், பயிற்சி, திருத்தம் எல்லாம். அதில் பங்கெடுத்தவர்களில் பலர் பின்னால் இங்கே எழுத்தாளர்கள் ஆனார்கள். பிறகு அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்த கு. அழகிரிசாமி இங்குள்ளவர்களைக் கூட்டி வைத்துக் கதைகளை விவாதிக்கப் பழக்கினார். எழுபதுகளில் தமிழ் நேசன் பவுன் பரிசு கொடுத்தது. நல்ல கதைக்கு ஒரு பவுன் தங்கம்! இன்றைய விலையில் யோசித்தால் நானும் எழுபதுகளில் பிறந்திருக்கலாம் என்று தோன்றும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை எண்பதுகளிலிருந்து சிறுகதைப் போட்டி நடத்தி, வென்றவற்றைப் பேரவைக் கதைகள் என்று தொகுத்து வந்திருக்கிறது. அந்தத் தொகுப்புகள் இல்லாவிட்டால் என் தலைமுறைக்கு முந்தைய எத்தனையோ மாணவ எழுத்தாளர்களின் முதல் கதை காகிதத்திலேயே வந்திருக்காது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றே போய்விட்டது. கதை போட இடம் குறையக் குறைய, போட்டிதான் கதைக்கு வாசல் என்று ஆகிவிட்டது.

ஆகவே போட்டி என்றாலே மட்டம் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெயமோகனின் முதல் நாவல் 'ரப்பர்' 1990இல் அகிலன் நினைவுப் போட்டியில் பரிசு பெற்றதுதான். கடைசித் தேதி என்று ஒன்று இல்லாவிட்டால் என்னைப் போன்ற சோம்பேறிகள் ஒரு கதையைக்கூட முடித்திருக்க மாட்டோம்.

ஆனால் போட்டிக்கு எழுதும் கதை என்று ஒரு சாதி உண்டு. பல்கலைக்கழகத்தில் நாங்கள் நாலைந்து பேர் அதைப் பாடமாகவே படித்தோம். போன வருடங்களில் வென்ற கதைகளைச் சேகரித்து, எதில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டோம். தோட்டம் இருந்தால் நல்லது. லயம், கோயில் மணி, ஆலமரம். முதல் பத்தியில் வானம். கொடுமைக்காரன் ஒருவன். ஒரு சாவு கட்டாயம், அதுவும் குழந்தையோ கர்ப்பிணியோ என்றால் உறுதி. முடிவில் தலைப்பு திரும்ப வர வேண்டும். வட்டார வழக்கு வேண்டும், ஆனால் உரையாடலில் மட்டும். மழை வேண்டும். நாங்கள் யாருமே தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இல்லை. ஒருத்தி சுபாங் ஜெயாக்காரி. அவள் கதையில் வந்த கங்காணிக்கு மீசை அவ்வளவு பெரியது.

2012இல் ஒரு போட்டி. முதல் பரிசு ஆயிரம் ரிங்கிட். யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். என்னிடம் ஒரு கதை இருந்தது. பாட்டி கொடுத்த கதை.

அம்மா பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1964இல், பாட்டிக்கு ஓர் ஆண் குழந்தை இருந்து செத்துப்போயிற்று. எட்டு மாதம். பாட்டி மரம் வெட்டப் போனபோது ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போன குழந்தை. காய்ச்சல். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அம்மா எப்போதோ சமையலறையில் மெல்லச் சொன்னது. பாட்டியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுவார், எதற்கு மனத்தைப் புண்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. கேட்டால் என் கதைக்குப் பொருந்தாத எதையாவது சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மூன்று இரவில் எழுதி முடித்தேன். விடியற்காலை, கொட்டும் மழை. மழையிலும் வேலைக்குப் போயாக வேண்டும் என்று விரட்டுகிறான் கங்காணி. தாய் கெஞ்சுகிறாள். அவன் குழந்தையைப் பார்த்துக் காறி உமிழ்கிறான். மழையில் நனைந்துகொண்டே மரம் வெட்டுகிறாள், பாலோடு கண்ணீரும் மழைநீரும் மங்கில் கலக்கின்றன. திரும்பி வரும்போது ஆயாக்கொட்டகை வாசலில் கூட்டம். கடைசி வரியில் அவள் தன் காண்டா வாளியைக் கீழே போட, பால் மண்ணில் வெள்ளையாக ஓடுகிறது. தாய்ப்பால், கித்தாப்பால். தலைப்பு 'பால்'. இருபத்திரண்டு வயதில் இதை எழுதிவிட்டு நான் கொஞ்சம் அழவும் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படிவத்தின் கீழே ஓர் உறுதிமொழி இருந்தது. "இப்படைப்பு முழுக்க என் சொந்தக் கற்பனையே என்று உறுதியளிக்கிறேன்." கையெழுத்துப் போட்டேன்.

முதல் பரிசு கிடைத்தது.

விழாவைப் பற்றி அதிகம் இல்லை. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதம். வந்ததும் அவருக்கு மாலை, பொன்னாடை, அவரோடு வந்தவருக்குப் பொன்னாடை, பொன்னாடை எடுத்துக்கொடுத்தவருக்கும் ஒன்று. நீதிபதி உரையில் என் கதையைச் சொன்னபோது, கங்காணியின் கொடுமையையும் மழையையும் இணைத்த உத்தி அருமை என்றார். அட்டையில் செய்த பெரிய மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். விழா முடிந்ததும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பணம் ஐந்து மாதம் கழித்து, நாலு முறை தொலைபேசியில் அழைத்த பிறகு வந்தது. இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது அம்மா புத்தகத்தைப் பாட்டி கையில் கொடுத்திருந்தார். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. என் படம் இருக்கும் பக்கத்தில் விபூதி பொட்டலத்தாளை அடையாளமாக வைத்திருந்தார்.

"படி, கேக்கறேன்."

"வேணாம் பாட்டி. அது சும்மா ஒரு கதை."

"ஆயிரம் வெள்ளி குடுத்திருக்கான். சும்மாவா குடுப்பான்? படிடி."

படித்தேன். வர்ணனைகளை வேகமாக ஓட்டினேன். கங்காணி உமிழும் இடத்தை விட்டுவிட்டேன். குழந்தை என்று வந்த இடங்களில் என் குரல் இறங்கியது. பாட்டி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். எந்தக் குழந்தை என்று அவருக்குத் தெரிந்திருக்கும், ஆயாக்கொட்டகை என்ற சொல் வந்த உடனேயே. முடித்ததும் நான் தலையைத் தூக்கவில்லை. அழுவார், அல்லது என்னை அடிப்பார் என்று நினைத்தேன்.

"மழையில யாருடி மரம் வெட்டுவா?"

நான் விழித்தேன்.

"மழை பேஞ்சா பட்டை நனைஞ்சிரும். பாலு கோட்டுல நிக்காது, மரத்து மேலயெல்லாம் வழிஞ்சு ஓடும். மங்குல தண்ணிதான் நெறையும். எந்தக் கங்காணி மழையில வெட்டச் சொல்வான்? அவனுக்கும் பாலு வேணும்ல? மழைன்னா பெரட்டுல நிக்க வெச்சு, விடலைன்னா வீட்டுக்கு அனுப்பிருவான். அன்னிக்குச் சம்பளம் கெடையாது. அவ்ளோதான்."

மூன்று நீதிபதிகள் படித்திருக்கிறார்கள். தொகுப்பாசிரியர் படித்திருக்கிறார். மெய்ப்புப் பார்த்தவர் என் ஒற்றுப்பிழைகளைத் திருத்தியிருக்கிறார். நானே ஐந்தாம் ஆண்டில் கித்தாப்பாலை வைத்துக் கோப்பை வாங்கியவள். ஒருவருக்கும் தோன்றவில்லை. கதையில் மழை என்றால் சோகம், அதற்கு மேல் மழையைப் பற்றி நாங்கள் யோசிப்பதில்லை.

பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொன்னார்.

அன்றைக்கு மழை இல்லை. அதற்கு முந்தின மூன்று நாள்தான் மழை. மூன்று நாளும் வேலை இல்லை, சம்பளம் இல்லை, கடைக்காரன் கடனுக்கு அரிசி தரமாட்டேன் என்றுவிட்டான். நாலாம் நாள் விடியும்போது வானம் துடைத்துவிட்டது போல் இருந்ததாம். லயத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. ஆயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் சும்மா நின்ற மரம், பால் பிய்த்துக்கொண்டு வந்தது. மங்கெல்லாம் வழிய வழிய.

"பாலு எடுக்க ஆரம்பிக்கிற நேரம். ஒரு பையன் ஓடியாறான், பத்து வயசு இருக்கும். 'அக்கா, புள்ளைக்கு ஜொரம் ஏறிருச்சாம், ஆயா வரச் சொல்லுச்சு'ன்னான். தண்டலு பக்கத்துலதான் நின்னாரு. 'போறதுன்னா போம்மா'ன்னாரு. நான்தான், 'பாலை எடுத்துட்டு வர்றேன்னு சொல்லுடா'ன்னேன்."

நிறுத்தினார். வெளியில் ஐஸ்கிரீம் மோட்டார் மணி அடித்துக்கொண்டு போனது.

"எடுத்துட்டு, நிறுத்துட்டுத்தான் போனேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தாங்க. பொழுது சாயத்தான் போச்சு. முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருக்குமான்னு டிரஸரைக் கேட்டேன். அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு."

என் கதையில் ஒரு கொடுமைக்காரன் இருந்தான். பாட்டியின் நாளில் அப்படி யாரும் இல்லை. மேலே ஒரு முதலாளி இருந்தான், மழை நாளுக்குக் கூலி கிடையாது என்ற கணக்கு இருந்தது, அது கொடுமை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கொடுமைதான். ஆனால் அந்தக் கணக்கு மீசை வைத்துக்கொண்டு நிரைக்குள் வந்து நிற்கவில்லை. வழிகிற மங்குகளையும் ஓடிவந்த பையனையும் பார்த்து முடிவெடுத்தது பாட்டி. ஐம்பது வருடமாக அவர் வைத்திருந்தது அதைத்தான். நான் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காறி உமிழும் ஒருவனை வைத்து, அவரைக் குற்றமற்றவராக்கி, ஆயிரம் ரிங்கிட் வாங்கியிருந்தேன்.

என்ன சொல்வதென்று தெரியாமல், "கதையில மாத்தித்தான் எழுதணும் பாட்டி" என்றேன். எவ்வளவு மட்டமான பதில்.

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலக் கேட்டார். "மழை இல்லாம எழுதினா பரிசு குடுக்க மாட்டாங்களாடி?"

பரிசுப் பணம் வந்தபோது பாட்டிக்கு இரண்டு கைலி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைக் கட்டினார். இன்னொன்று 2018இல் அவர் போனபிறகு பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அதன்பிறகு ஒன்பது வருடம் நான் எந்தப் போட்டிக்கும் எழுதவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை. கோலாலம்பூரில் வேலை, வாடகை, கார்க் கடன். விமர்சனம் என்று சிலவற்றை எழுதினேன். அதற்குப் பரிசு கிடையாது, திட்டு மட்டும்தான் என்பதால் கை கொஞ்சம் சுத்தமாக இருந்தது.

2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவராக அழைத்தார்கள். ஆள் கிடைக்காமல் அழைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நாற்பத்து மூன்று கதைகள். கருவுக்கு இவ்வளவு, மொழிநடைக்கு இவ்வளவு, உத்திக்கு இவ்வளவு என்று மதிப்பெண் தாள். ஒரு விரதம்போல மழையை எண்ணினேன். பதினேழு கதைகளில் மழை. பதினொன்றில் தோட்டம். 2005க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் எழுதிய தோட்டம். ஒரு கதையில் கங்காணி வெள்ளைக்காரத் துரையிடம் கைப்பேசியில் பேசுகிறான். இன்னும் சிலவற்றில் பிள்ளைகளின் கையெழுத்தில் ஆசிரியர்களின் வாக்கியம். அந்தப் பிள்ளைகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் பட்டியல் போட்டிருக்கிறார்கள், பழைய தொகுப்புகளிலிருந்து. அந்தத் தொகுப்புகளில் ஒன்றில் நான் இருக்கிறேன்.

இருபத்தொன்பதாவது கதை வேறாக இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அம்மா. பீங்கானில் செய்த கைகள் சங்கிலியில் வரிசையாக வருகின்றன, கித்தாப்பாலில் முங்கி எழுந்து, காய்ந்து. அம்மா அவற்றிலிருந்து உறையை உரித்து உரித்துப் போட வேண்டும். "நூறு பேர் கை கொடுக்க வருவதுபோல்" என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். இரவு வேலை முடிந்து வந்த அம்மா மகளின் தலையைக் கோத வரும்போது விரல்கள் தானாக உரிக்கிற மாதிரி அசைகின்றன. மகள் தலையை நகர்த்திக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. யாரும் சாகவில்லை. ரகரமும் றகரமும் முழுக்கக் குழம்பிக் கிடந்தன.

மதிப்பெண் தாள்படி அதற்கு அறுபத்தொன்று. மொழிநடையில் அடிபட்டுவிட்டது. நான் வாதாடினேன். மற்ற இருவரும் மோசமானவர்கள் இல்லை, அவர்களுக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. "ஆனா முடிவே இல்லையே" என்றார் ஒருவர். "பிழையோட இருக்கறதுக்கு முதல் பரிசு குடுத்தா நாளைக்கு ஆசிரியர்கள் கேப்பாங்க" என்றார் இன்னொருவர். கடைசியில் ஆறுதல் பரிசு. நான் அதற்குமேல் சண்டை போடவில்லை. மாலை ஆறரை ஆகியிருந்தது, பசி, எல்லாருக்கும் நெடுஞ்சாலையில் நெரிசலுக்கு முன் கிளம்ப வேண்டும். எத்தனை கதைகளின் விதி இப்படி ஒரு பசியில் முடிவாகியிருக்கும் என்று காரில் வரும்போது யோசித்தேன். என் 'பால்' கதைக்கும் ஒருவேளை அப்படித்தான்.

பரிசளிப்பு அன்றைக்கு அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். நாலாம் படிவம். கழுத்தை நிமிர்த்தாமல் பேசினாள். முடிவில் அம்மா இறந்துபோகிற மாதிரி மாற்றச் சொல்லிப் பள்ளியில் சொன்னார்களாம்.

"ஏன் மாத்தல?"

"அம்மா படிப்பாங்க டீச்சர். எப்படிச் சாகடிக்கிறது?"

நான் அவளோடு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். படத்தில் நான் சிரிக்கிறேன், அவள் ஹேம்பர் கூடைக்குப் பின்னால் பாதி தெரிகிறாள்.

தம்பிக்குப் பதில் எழுதினேன். முதலில் நீளமாக. மேலே உள்ளதில் பாதியை. பிறகு அழித்துவிட்டு, "எது எழுதினாலும் உனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலையை வெச்சு எழுது. இல்லைன்னா தெரிஞ்ச ஆளுக்குப் படிச்சுக் காட்டு" என்று அனுப்பினேன். "ஓகே அக்கா. ஆனா மழை வெக்கலாமா?" என்று கேட்டான். அவன் என்னிடம் விளையாடுகிறானா இல்லையா என்று தெரியவில்லை. அவன் அந்தத் தொகுப்பைப் படித்திருக்கலாம்.

அவன் அனுப்பிய விளம்பரத்தை முழுக்கப் படித்தேன். நாலாவது விதி: ஏற்கெனவே அச்சில் வந்த, பரிசு பெற்ற படைப்புகளும் அவற்றின் மாற்று வடிவங்களும் ஏற்கப்படமாட்டா. நியாயமான விதிதான். 'பால்' கதையைத் திருப்பி எழுதுகிறேன், இரண்டு வருடமாக. மழை இல்லை, கங்காணி இல்லை. அதை எங்கேயும் அனுப்ப முடியாது என்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது, கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருக்கிறது. ஆயிரம் ரிங்கிட் இப்போது மூவாயிரம் ஆகியிருக்கிறது.

பையன் ஓடிவரும் இடத்தில் நின்றுபோய்விட்டது. "பாலை எடுத்துட்டு வர்றேன்" என்று அவள் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மங்காக எடுத்து வாளியில் கவிழ்க்கிறாள். ஒரு நிரைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வழிகிற மங்கை ஒரு கையால் எடுக்க முடியுமா? கடைசிச் சொட்டை வழித்து எடுப்பாளா, அவசரத்தில் விட்டுவிடுவாளா? பாட்டியிடம் கேட்டிருக்க வேண்டியவை. ஆறு வருடம் இருந்தது அதற்கு.

பாக்சிக்கும் இப்போது இல்லை. தோப்பில் பாதி வீடுகளாகிவிட்டது. மீதியை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார் என்று அம்மா சொன்னதால் எண் வாங்கி அழைத்தேன். என் கேள்வி அவருக்கு வேடிக்கையாக இருந்தது. கதைக்கு என்று சொன்னேன். சிரித்தார். சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார், மழை இல்லாவிட்டால்.